ஒரு இலக்கம் தள்ளி வந்த நடனம்

கோப்பாய்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்புள்ள மகள் நிவேதனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதற்கு உடன்படவில்லை. நீயும் மெல்பேர்ண் குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நீ போனில் "ஓமம்மா, சாப்பிட்டனான்" என்று சொல்லும் வேகத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது என்பதையும் எழுதி வைக்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ ட்ராமில் நின்றுகொண்டு பாதி கேட்பாய், இங்கே அப்பா பக்கத்தில் நின்று நான் சொல்ல முதலே முடிவைச் சொல்லிவிடுவார். இது முதலிலிருந்து சொல்ல வேண்டிய விஷயம். கிணற்று மோட்டர் திருத்தியாகிவிட்டது. பின்வளவு மாமரம் இந்த முறை காய்த்துக் கொட்டியது, பாதியை அணில் தின்றது, மீதியைப் பக்கத்து வீட்டு வித்தியா, அணிலுக்குப் போகிறதே என்று கவலைப்பட்டுத் தானே கொண்டுபோனாள்.

உன் சிறுவர் நிலையத்தில் நாலு வயதுப் பிள்ளைகளுக்கு ஆடப் பழக்கச் சொல்லிக் கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். இத்தனை வருடம் நடன ரீச்சராக இருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிடித்தால் எடு. அந்த வயதில் அடவு சொல்லிக்கொடுக்காதே. கழியால் தட்டு, ஓடவிடு, தட்டை நிறுத்து, நிற்கிறார்களா என்று பார். நிற்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் பிறகு எதையும் பழக்கலாம். ஆறாம் வகுப்பில் அரைமண்டி வரும்போது அவர்களுக்கு வெட்கமும் சேர்ந்து வரும், ஆண் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சித்திர வகுப்புக்கு ஓடுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் தாய் தகப்பன் வந்து, ரியூசன் நேரத்தை நடனம் தின்கிறது என்பார்கள். பதின்மூன்றாம் வகுப்பில் மிஞ்சுகிற இரண்டு மூன்று பேர் காலைவிடப் பேனையைத்தான் அதிகம் பாவிப்பார்கள். இடையில் வலயக் கல்விக் கந்தோரிலிருந்து யாராவது பெரியவர் வந்தால் வரவேற்பு நடனத்துக்கு மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வரும். இத்தனைக்கும் பிறகு பிள்ளையின் கையில் என்ன நிற்கிறது என்று நான் பல முறை யோசித்திருக்கிறேன், பெரிதாக ஒன்றும் நிற்பதாக நம்பியதில்லை. ஆனாலும் முதலாம் வகுப்பில் பிடித்த ஒரு பிள்ளையைப் பதினோராம் வகுப்பு மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டு வருவது வேறு எந்தப் பாட ஆசிரியருக்கும் கிடைக்காது, அதை மறுக்கமாட்டேன்.

பிரசாந்தியை உனக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்து தகரக் கொட்டிலில் நடந்த காலம், நீ உன் பள்ளிக்கூடம் விட்டு என்னைத் தேடி வந்து, தரையில் மணல் நெளிய நெளியப் பிள்ளைகள் ஓடுவதை வாசலில் குந்தியிருந்து பார்ப்பாய். தட்டுக்கழியை நான் நிறுத்தினாலும் நிற்காமல் கொட்டிலைத் தாண்டி ஓடிப்போன குட்டி ஒன்றை நீ பின்னால் ஓடிப் பிடித்து வந்தாய், "அம்மா, உவளுக்கு பிரேக் இல்லை" என்று சொன்னாய். அவள்தான். பள்ளிக்கூடம் திரும்பக் காங்கேசன்துறைக் கரைக்கு வந்தபோது அந்தக் குடும்பமும் கரைக்கு வந்தது, தகப்பன் பஞ்சலிங்கத்துக்கு மீன்பிடிக்க ஒரு வள்ளமும் கிடைத்தது. இந்த வருடம் அவள் பதினோராம் வகுப்பு, சாதாரண தரப் பரீட்சை. உயர்தரத்துக்கும் நடனம்தான் எடுப்பேன், பிறகு கம்பசுக்கும் அதற்குத்தான் போவேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே நிற்கிறாள். நான் ஊக்கப்படுத்தவில்லை. வேலைக்குக் காத்திருக்கிற நடனப் பட்டதாரிகள் எத்தனை பேர் என்று சொல்லித்தான் பார்த்தேன். அவள் "ஓம் ரீச்சர்" என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த நாளும் வந்து நின்றாள். சாதாரண தரத்தில் நடனத்தில் சித்தியடையாமல் உயர்தரத்தில் அந்தப் பாடம் எடுக்க முடியாது, அதை இங்கே நினைவில் வைத்துக்கொள்.

செய்முறைப் பரீட்சைக்கு அனுமதி அட்டைகள் வந்த அன்று வகுப்பில் ஒரே சிரிப்பு. போய்ப் பார்த்தால், பிரசாந்தியின் அட்டையில் பாடம், சிங்களப் பிள்ளைகள் மேளத்துக்கு ஆடுகிற கண்டிய நடனம் என்று இருக்கிறது. பரதத்துக்கும் அதற்கும் பாட இலக்கத்தில் ஒன்றுதான் வித்தியாசம், அந்த ஒன்று தள்ளிவிட்டது. நிருஷன் என்ற வாயாடி, "மேளம் ஆர் அடிக்கிறது, உங்கடை அப்பர் வள்ளத்திலை தட்டுவாரோ?" என்று கேட்க, அவள் "உன்ரை மண்டையிலை தட்டினாலே நல்ல சத்தம் வரும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பியபோது முகம் வெளிறிவிட்டது. "ரீச்சர், அப்ப எனக்குச் சோதினை இல்லையோ?" என்று மெல்லமாகக் கேட்டாள்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு லேசான விஷயமல்ல. விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றியது ஷெரோன், போன வருடம்தான் ஆசிரியராக வந்த பிள்ளை, நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. ஏற்றிய பிறகு அச்செடுத்து என்னிடம் தந்தாள், வகுப்புக்குப் பொறுப்பு நான், ஒவ்வொரு தாளையும் சரிபார்த்துக் கையெழுத்து வைத்ததும் நான். இரண்டு பின்னேரம் இருந்து பார்த்தேன். எதைப் பார்த்தேன் தெரியுமா, ஆங்கிலத்தில் பெயர் எழுத்துகளை. உன் பெயரில் பிறப்புப் பத்திரத்தில் இருந்த எச் என்ற எழுத்து, சாதாரண தரச் சான்றிதழில் இல்லாமல் போய், உன் விசாவுக்கு நாங்கள் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் தாளைக் கண்டாலும் என் கண் முதலில் அந்த எழுத்தைத்தான் தேடும். இங்கே எந்தத் தாய் தகப்பனும் இதைத்தான் கேட்பார்கள், "ரீச்சர், பாஸ்போட்டுக்குப் பிரச்சினை வராமல் பேரைப் போடுங்கோ" என்று. பிரசாந்தியின் எச் அதன் இடத்தில் பத்திரமாக இருந்தது. பாட இலக்கம்தான் பிழையாக இருந்தது. அந்தப் பிள்ளை வெளிநாடு போகிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட அதிபர் நமசிவாயம் சேர் நல்ல மனிதர், சண்டை விரும்பமாட்டார். "ரீச்சர், கொம்பியூட்டர் பிழை எண்டு எழுதுவம், கொம்பியூட்டர் வந்து மறுத்துக் கதைக்கப்போறேல்லை" என்று கடிதம் அடித்துத் தந்தார். திருத்தம் செய்யும் திகதி முடிந்துவிட்டதால் கொழும்புப் பரீட்சைத் திணைக்களக் கந்தோருக்கு நேரில் போக வேண்டும் என்றார்கள், பெற்றார் ஒருவரும் வர வேண்டும். பஞ்சலிங்கம் தொழிலை விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு விடிய ரயிலடிக்கு வந்தார். புட்டும் பொரித்த மீனும் பொதி கட்டிக் கொண்டுவந்திருந்தார், அன்று எனக்குப் பிரதோஷ விரதம் என்று தெரிந்ததும் தானும் பிரிக்காமல் அதை மடியில் வைத்தபடி கொழும்பு மட்டும் வந்தார். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. வவுனியா தாண்டியபோது, "கடல்லை பிழைச்சா அண்டைக்கே தெரிஞ்சிடும் ரீச்சர், உங்கடை பேப்பரிலை பிழைச்சா மாசக்கணக்காப் போனப்பிறகுதான் வந்து சொல்லுது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது. பிறகு, இந்தப் பாடம் இல்லாவிட்டால் வேறு ஒன்றைப் படிக்கட்டும் என்று தான் சொன்னதாகவும், அதற்குப் பிறகு பிள்ளை தன்னோடு கதைப்பதில்லை என்றும் சொன்னார்.

கந்தோரில் எங்களைப் பார்த்தவர் கிறிஸ்ரோபர் என்ற நடுவயது உத்தியோகத்தர், மன்னார்ப் பக்கம். அதிபரின் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "கொம்பியூட்டர் பிழை எண்டால் ஆர் ஏத்தினது எண்டு நாங்கள் விசாரிக்கோணும், அது முடியச் சோதினை முடிஞ்சிடும். ஆளின்ரை பிழை எண்டால் ஆள் எழுதிக் கையெழுத்து வைச்சால் காணும், இண்டைக்கே மாத்தலாம்" என்றார். விசாரித்தால் ஷெரோனின் பெயர்தான் முதலில் வரும். நான் எழுதுகிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, நான் செய்முறைப் பரீட்சகரா என்று கேட்டார், ஓம், பதினாறு வருடம் என்றேன். அப்படியென்றால் இப்படி ஒரு கடிதம் என் பைலில் இருக்கும்போது இந்த வருடம் என்னைப் போடமாட்டார்கள், அடுத்த வருடமும் சொல்ல முடியாது என்றார். யோசிக்க நேரம் எடுத்தேன் என்றால் நம்புவாயா, எடுத்தேன். எனக்கு இந்த வேலையில் கொஞ்சம் பெருமை இருந்தது என்றால் அது அந்த நியமனத்தில்தான் இருந்தது. பஞ்சலிங்கம் சுவரோரக் கதிரையில் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, நாங்கள் என்ன கதைக்கிறோம் என்று முழுதாக விளங்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சரிபார்த்தது நான், கவனிக்காமல் விட்டதும் நான் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்து வைத்தேன். புது அட்டை அன்று பின்னேரமே கிடைத்தது. இதைப் பெரிய தியாகம் என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், நீ நம்பாதே, என் பிழைக்கு நான் கையெழுத்து வைத்தேன், அவ்வளவுதான்.

போன செவ்வாய் பரீட்சை. என்னைப் பரீட்சகராகப் போடாததால் அன்று நான் பள்ளிக்கூடத்தில் லீவு போட்டு, வாழ்க்கையில் முதல் தரம் பரீட்சை நிலையத்தின் கேற்றுக்கு வெளியே, ரோட்டில் நின்றேன். பதினாறு வருடம் மேசைக்குப் பின்னால் இருந்தவள் நான், பிள்ளை கதவால் வரும், வணங்கும், சுட்டிலக்கம் சொல்லும், எட்டு நிமிடம் ஆடும், போகும். கதவால் வரும்போதுதான் அந்தப் பிள்ளை பிறந்தது போல எனக்கு இருக்கும். வெளியே என்ன நடக்கிறது என்று நான் பார்த்ததில்லை. ஒரு அண்ணை மோட்டார்சைக்கிள் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்திருக்கத் தங்கை பொட்டு வைக்கிறாள். ஒரு தாய் பிளாஸ்கைத் திறந்து, சேலையில் சிந்தாமல் மகளின் வாயில் தேத்தண்ணீர் பருக்குகிறாள், அந்தப் பிள்ளை விழுங்கிக்கொண்டே ஜதி சொல்கிறாள். பிரசாந்தியின் தாய் கைக்குழந்தையோடு வீட்டில், பஞ்சலிங்கம்தான் வந்திருந்தார். சலங்கை கட்ட நான் கிட்டப் போனேன். அதற்குள் அவர் ரோட்டில் ஒரு முழங்காலை ஊன்றி இருந்துவிட்டார், தகப்பனின் தொடையில் கால் வைக்கவோ என்று அவள் கூச, "வையடி, நேரம் போகுது" என்று காலைப் பிடித்து இழுத்து வைத்துக் கட்டினார். வலைக்குப் போடும் முடிச்சு. இது சலங்கைக்குக் கட்டுவதில்லை என்று நான் சொல்ல, "ரீச்சர், இது அவிண்டால் நான் இனிக் கடலுக்குப் போகேல்லை" என்றார், மகள் சிரித்துவிட்டாள். அவர்கள் இருவரும் திரும்பக் கதைத்துக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் வியர்த்து வழிய வந்தாள். "ஆடினனான் ரீச்சர்" என்றாள். எப்படி, எங்கே பிசகியது என்று நான் கேட்கவில்லை. முடிவு வர மாதங்கள் ஆகும்.

பஸ்சில் திரும்பி வரும்போது உன் வருடத்தை நினைத்தேன். நீ சாதாரண தரச் செய்முறைக்குப் போன அன்று நான் கிளிநொச்சியில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன், அப்பாவுக்கு வேலை. நீ சைக்கிளில் தனியாகப் போனாய். பின்னேரம் வந்து உன்னிடம் என்ன ஜதி கேட்டார்கள், எங்கே விட்டாய் என்று கேட்டு, இருந்த இடத்திலேயே உனக்கு என்ன வரும் என்று சொன்னேன், சொன்ன பெறுபேறுதான் வந்தது. வேறு ஒன்றும் கேட்ட ஞாபகம் இல்லை. பிறகு நீ உயர்தரத்துக்கு வர்த்தகம் எடுத்தாய், நானும் நல்லது என்றேன்.

நல்லூரானின் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும், உன் கையில் வளரும் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கும் இருக்கட்டும். நல்லெண்ணெய் அடுத்த பார்சலில் வரும், தலைக்கு வை, அலுமாரியில் வைக்காதே. இன்னுமொன்று, மறக்காமல் பதில் போடு, போனில் சொல்லாதே, எழுது: நீ செய்முறைக்குத் தனியாகப் போன அன்று, கேற்றடியில் உன் சலங்கையைக் கட்டிவிட்டது யார்?

அன்புடன்,
உன் அம்மா