எட்டாவதாக நிற்கிற பிள்ளை

அன்புள்ள குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் நலமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற சின்ன ஆளும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஸ்கேன் என்று வாயைத் திறந்தாலே அடுப்பில் பால் பொங்குதும்மா அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிடுகிறாய். உன் வீட்டில் எந்நேரமும் எவ்வளவு பால்தான் பொங்கும்? கடிதத்தை அப்படி வைக்க முடியாது, வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

மாப்பிள்ளைமேல் கோபப்படாதே. அவர்தான் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பினார். பிள்ளை எடை கம்மியாம், நூற்றில் எட்டு என்று போட்டிருக்கிறதாம், வருகிற வியாழக்கிழமை மறுபடியும் ஸ்கேனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஆனால் நீ போகமாட்டேன் என்கிறாயாம். இன்னொரு தடவை சின்னது சின்னதுன்னு கேட்க எனக்குத் தெம்பு இல்லை என்று அழுகிறாயாம். இதையெல்லாம் சொல்லும்போது அவர் குரலே சரியில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், நூற்றுக்கு எட்டு என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஃபெயில். பிறக்கும் முன்னாலேயே என் பேரப்பிள்ளையை ஃபெயிலாக்கிவிட்டார்களே என்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள் ஒரு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உன் பெரியத்தை வந்தாள். என் மருமகளுக்கு ஆறாம் மாசமே வயிறு எதிர்ல வர்றவங்கள இடிச்சுது, உன் பொண்ணு சாப்பிடுறாளா இல்ல சாப்பாட்டைப் போட்டோ எடுத்துட்டு எந்திரிச்சுடுறாளா என்று கேட்டாள். டீ ஆறுது, குடிச்சுட்டுக் கிளம்புங்க அண்ணி என்று சொல்லிவிட்டேன்.

அவள் போனதும் அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு மாடிவீட்டு நர்ஸிடம் ஏறிப் போனேன். அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி வார்டில்தான் வேலை பார்க்கிறாள். என் கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. என்னக்கா டேப்போட வந்திருக்கீங்க, எனக்கு ஜாக்கெட் அளவெடுக்கவா என்று சிரித்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ரிப்போர்ட்டைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். உள்ள தராசு வச்சு யாரும் நிறுக்கலக்கா என்றாள். தலையின் சுற்றளவு, வயிற்றின் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், இவற்றை அளந்து கணக்குப் போட்டுத்தான் எடையைச் சொல்கிறார்களாம். அதனால் நிஜ எடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்குமாம். ஆரம்ப மாதங்களில் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு கிடக்கும் என்பதால் தலையிலிருந்து பிட்டம்வரை மட்டும் அளப்பார்களாம், அந்தப் பழைய நீளத்தையும் இப்போதைய அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளக் கூடாதாம். நீ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார்.

எட்டு என்பது என்ன என்று கேட்டேன். அது மார்க் இல்லக்கா, வரிசை என்றாள். அதே வாரத்தில் இருக்கிற நூறு பிள்ளைகளைச் சின்னதிலிருந்து பெரியதுவரை நிறுத்தினால் நம் பிள்ளை முன்னாலிருந்து ஏறக்குறைய எட்டாவதாக நிற்கிறது, அவ்வளவுதான். அப்படிச் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் எங்கள் கடையிலிருந்து யூனிஃபார்முக்கு அளவெடுக்கப் போவோமே, உயரப்படி நிறுத்தியிருப்பார்களே, அதில் முன்னால் நிற்கிற பிள்ளைகளை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். சிலது அப்பனும் ஆத்தாளும் குள்ளம், அதுவும் குள்ளம், ஆனால் கையைப் பிடித்து அளவெடுப்பதற்குள் நாலு பேரைக் கிள்ளிவிட்டு ஓடிவிடும். சிலது உடம்பு சரியில்லாமல் வளர்ச்சி நின்று முன்னால் வந்திருக்கும். நிற்கிற இடத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. போன வருஷத்து அளவையும் இந்த வருஷத்து அளவையும் சேர்த்துப் பார்த்தால்தான் வளர்கிறதா இல்லையா என்று தெரியும். நம் வீட்டில் மட்டும் யார் நெட்டை? அப்பா இன்றைக்கும் பரணில் இருக்கிற டப்பாவை எடுக்கக் முக்காலியைத்தான் தேடுகிறார்.

நர்ஸும் அதைத்தான் சொன்னாள். சும்மா சின்னப் பிள்ளையா இருக்கலாம், இல்ல நஞ்சுக்கொடி வழியா சாப்பாடு சரியா போகாமலும் இருக்கலாம், மறுபடி அளந்து, தொப்புள்கொடியில ரத்த ஓட்டம், சுத்தியிருக்கிற தண்ணி எல்லாம் பார்த்தாத்தான் தெரியும் என்றாள். ஒண்ணும் இருக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன் தாயி என்று கேட்டேன். சொல்லமாட்டேன்கா, சொன்னா நீங்க நிம்மதியா தூங்குவீங்க, உங்க பொண்ணு ஸ்கேனுக்குப் போகாம இருந்துடுவா என்றாள். எனக்குக் கோபம் வந்தது. படி இறங்கி முடிப்பதற்குள் அது போய்விட்டது. அதனால் நானும் உனக்கு அந்த வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. போய்ப் பார் என்றுதான் சொல்வேன். ஏதாவது இருந்தால் நேரத்தோடு தெரிந்தால்தான் டாக்டர் கை வைக்க முடியும், ஒன்றும் இல்லையென்றால் நீ அழுததெல்லாம் வீண். இரண்டில் எதுவாக இருந்தாலும் வியாழக்கிழமை நீ அந்தக் கட்டிலில் படுத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் போன தடவையைவிட எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று கேள், சின்னதா பெரியதா என்று கேட்காதே. அதுவரை பிள்ளையின் அசைவைக் கவனி. வழக்கத்தைவிடக் குறைந்தாற்போலத் தெரிந்தால் வியாழன்வரை காத்திருக்காதே, எனக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பெரியத்தை பேச்சைக் கேட்டு இரண்டு பேருக்குச் சாப்பிடுகிறேன் என்று அடைத்துக்கொள்ளவும் வேண்டாம், டாக்டர் சொன்னதை வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படு. போனில் ஏதோ ஆப் வாராவாரம் ஒரு பழத்தைக் காட்டி உன் பிள்ளை இவ்வளவு பெரிது என்கிறதாமே, அதைத் தூக்கிப் போடு. எந்தப் பழம் ஒரே அளவில் காய்க்கிறது? நேற்றுப் பழக்கடையில் ஒரு பப்பாளி என் உள்ளங்கையில் அடங்கியது, பக்கத்தில் இருந்ததைத் தூக்க ஆள் வேண்டும்.

நீ போகவில்லை என்று மட்டும் தெரிந்தால் நான் கிளம்பி வந்துவிடுவேன். விமானத்தில் எந்தப் பக்கம் ஏறுவது என்று எனக்குத் தெரியாது, அந்த ஊர்ப் பாஷையும் தெரியாது, இருந்தாலும் வந்து உன்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். கட்டிங் மாஸ்டரிடம் லீவுகூடச் சொல்லிவைத்துவிட்டேன், பாட்டியம்மா போனா பட்டனுக்குக் காஜா யார் எடுக்கறது என்று புலம்புகிறார். பாட்டியம்மா என்று கூப்பிட்டால்தான் நான் இப்போது திரும்பிப் பார்க்கிறேன்.

இன்னொன்று. பிள்ளைக்கு முதல் சட்டைக்கு மெல்லிசான வெள்ளை மல் துணி வாங்கிவைத்திருக்கிறேன். பெரியத்தை தன் பேரனின் பழைய சட்டையை அளவுக்கு வைத்துக்கொள் என்று கொடுத்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு பிள்ளையின் அளவை வைத்து இன்னொரு பிள்ளைக்கு வெட்டுகிற வழக்கம் எங்கள் கடையில் கிடையாது. ஸ்கேன் அளவை வைத்துச் சட்டை தைக்க முடியாது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் வியாழக்கிழமை அளவு வராமல் அந்தத் துணியில் கத்தரி வைக்கமாட்டேன், சொல்லிவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார். இதை அவரே கூரியரில் போடுகிறார், வியாழக்கிழமைக்கு முன்னால் வந்துவிடுமாம். வியாழக்கிழமை ஸ்கேன் முடிந்ததும் போன் செய், பால் பொங்கினால் பொங்கட்டும். என்ன அளவு வந்தாலும் தயங்காமல் சொல். துணி தாராளமாகவே வாங்கியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
எட்டாவதாக நிற்கிற பிள்ளையின் பாட்டி