வழுக்கிய பீங்கான் குழாய்

12-6-1971, சனி

கொல்லையில் கோழிக்கூட்டை நானே கட்டி முடித்தேன். அம்மா கொடுத்த மூன்று கோழிகளும் உட்கார, பீங்கான் ஆலையில் கழித்துப்போட்ட குழாய் ஒன்றைக் குறுக்கே வைத்திருந்தேன். பொழுது சாய்ந்ததும் ஏறிய கோழிகள் அந்த வழவழப்பில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"உனக்கு எதுக்குடி இந்த வேல? காலையில மொத பஸ்ஸுல கருவேப்பிலங்குறிச்சி போயி, கோழிங்கள உங்கம்மா வூட்டுலயே வுட்டுட்டு வரேன்."

பழைய கிணற்றுக் கயிற்றைக் குழாய் முழுக்க இறுகச் சுற்றினேன். கோழிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தேன். நகத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"இப்ப சிரிங்க பாக்கலாம்" என்றேன்.

"கோழிங்கள கொண்டு போறது போறதுதான்" என்றார்.

தாராளமாக பஸ் ஏறட்டும். கூட்டைப் பூட்டிவிட்டேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டுதான் படுக்கிறேன்.