பியட் ஏன் கிளம்பவில்லை

786
லப்பைக்குடிக்காடு

மகன் உபைதுக்கு அத்தா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் மாத்திரை போட்டுக்கொண்டு நலமாக இருக்கிறோம், நீ நலமா என்று நான் கேட்கவில்லை, உன்னைப் போன்ற ஆட்களுக்குத் தலைவலிகூட வருவதில்லை. போனில் பேசினால் எனக்குக் கோபம் வந்ததும் உனக்கு நெட் போய்விடுகிறது, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். உன் ரூமில் இருக்கும் முகமது அனஸ் லீவு முடிந்து சார்ஜா வருகிறான், அவன் பெட்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய், அல்வா என்று தேடாதே, இந்தத் தடவை உன் அம்மா எதுவும் கட்டவில்லை.

மர்ஜியாகிட்ட ஒரு வார்த்தை பேசுங்க அத்தா, நீங்க சொன்னா அவ கேப்பா, என்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பேசுவது இருக்கட்டும், நடந்ததை முதலில் உனக்குச் சொல்கிறேன், நீதான் பெரிய மெக்கானிக் ஆயிற்றே. நீ லீவில் வாங்கி நிறுத்திய அந்தப் பழைய பியட் கார், நீ விமானம் ஏறிய மறுநாளே கிளம்பவில்லை. உன் பெண்டாட்டி மர்ஜியா லைசென்ஸ் எடுத்திருந்தாள், அரியலூரில் படுக்கையில் கிடக்கும் தாயாரை அடிக்கடி பார்க்க வேண்டும், பஸ் மாறிப் போய் வர ஒரு நாள் ஓடிவிடுகிறது என்றுதானே சாவியைக் கேட்டாள். தாராளமா எடுத்துக்க என்று சிரித்துக்கொண்டே கொடுத்தாய். செல்ப் நன்றாக இழுத்தது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை. ராஜதுரை ஒர்க்‌ஷாப்பில் காட்டலாம் என்றேன். ஊரு மெக்கானிக் கைய வச்சா வண்டி போச்சு, நான் வீடியோல சொல்றேன், நீங்க பாருங்க என்றாய். வெளிநாட்டில் சம்பாதிக்கிற பிள்ளை சொன்னால் இந்த ஊரில் எந்த வீட்டில் மறுபேச்சு உண்டு. வெயிலில் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். பிளக்கைக் கழற்றித் துடைக்கச் சொன்னாய், துடைத்தேன். பேட்டரி முனையைச் சுரண்டச் சொன்னாய், சுரண்டினேன். இக்னிஷன் காயில் போயிருக்கும் என்றாய், புதுசு வாங்கி மாட்டினேன். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய மட்டும் தொறக்காதீங்க, டைமிங் போயிடும் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாய். நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததைப் பார்த்து, பாவம் அத்தா என்று வேறு சொன்னாய்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் மர்ஜியாவின் தாயாருக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. வாடகைக் காருக்குச் சொல்கிறேன் என்று எழுந்தேன். எதுக்கு அத்தா, காயில் ஒயரு லூசா இருக்கும், அழுத்தி மாட்டுங்க, இப்ப எடுத்துடும் என்று வீடியோவில் சொன்னாய். உன் பேச்சை நம்பி அவள் செல்ப் போட்டுக்கொண்டே இருந்தாள், கடைசியில் பேட்டரியும் செத்தது. அதற்கப்புறம் வாடகைக் கார் வந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, மய்யித்துக்குத் தாடையைக் கட்டி முடித்திருந்தார்கள். தாயார் கடைசிவரை மர்ஜியாவைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று அங்கிருந்தவர்கள் சொன்னதைக் கேட்டு அந்தப் பெண் அழக்கூட முடியாமல் நின்றாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் அவளே போய் அந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் கிளிப்புகளைத் தள்ளித் திறந்தாள். உள்ளே ரோட்டர் இல்லை. காயில் கரண்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிற கட்டைவிரல் அளவுச் சாமான், அது இல்லாமல் நான் எதைத் துடைத்து என்ன, எதை மாட்டி என்ன. உன்னைக் கேட்டபோது, நான்தான் கழட்டிட்டு வந்தேன், இங்க என் பெட்டிலதான் இருக்கு, பொம்பள தனியா கார எடுத்துக்கிட்டு ஊரு சுத்துனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க என்றாய். அந்த நாலு பேரும் அடக்கத்துக்கு வந்திருந்தார்கள், உன்னைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

உன்னோடு வாழ முடியாது, குலா வாங்கிப் பிரிய வேண்டும் என்று அவள் ஜமாஅத்தில் கேட்டிருப்பது உனக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை விசாரணைக்கு எடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு அவள் வாயைத் திறக்கவில்லை, இப்போதும் உன் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். நான் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெத்த புள்ளைய சபைல வச்சு இப்படிப் பேசலாமா பாய் என்றார் ஒருவர். அவரையே உன் பக்கம் பேசச் சொல்லிவிட்டேன், அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வாரம் உனக்குப் போன் போடுவார்கள், சம்மதம் என்று சொல்லிவிடு. வண்டி என் பேரில்தானே இருந்தது, அதை அவள் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். பேட்டரியைச் சார்ஜ் ஏற்றிப் புது ரோட்டர் போட்டதும் முதல் இழுப்பிலேயே பிடித்தது, தன் துணிமணியை ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டிப் போனாள்.

நேரத்துக்குத் தொழு, கண்டதைச் சாப்பிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், அதைத் தனியாக இருந்து கழிக்கிற பொறுமையையும் கொடுக்கட்டும். உன் அம்மாவிடம், உன் சலாமையும் உபைதுக்கு எழுதட்டுமா என்று கேட்டேன். காதில் விழாத மாதிரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு
உன் அத்தா
அப்துல் மஜீது