லோஷன் வாசனை அடித்த இலைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்கு வேண்டாம், உன் பேராசிரியருக்கும் வேண்டாம். படித்த சூட்டோடு அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டுக் கத்தாதே. அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள் என்பது உனக்கே தெரியும். எழுதியது நான் என்று அப்பாவுக்குத் தெரிந்தால் என் கதை முடிந்தது.

கதவைத் தாழ் போட்டுவிட்டு, வெளிச்சம் வெளியே போகாமல் இருக்க மேசை விளக்கின் மேல் உன் பழைய சட்டையைப் போட்டு எழுத ஆரம்பித்தேன். சட்டை கருகுகிற வாசனை வந்தது, எடுத்துவிட்டேன். நீல நிறச் சட்டைதான். ரொம்பக் கருகவில்லை. மன்னித்துவிடு.

முதலில் நல்ல செய்தி. நம் மருந்துக் கடைக்குப் பின்னால் குழாயடியில் நிற்கும் உன் மரம் நன்றாக இருக்கிறது. பக்கத்துச் செடிகளின் இலையெல்லாம் புள்ளி விழுந்து சுருண்டுவிட்டது, உன் மரத்தில் மட்டும் ஒரு புள்ளி இல்லை. உள்ளே உன் குடித்தனக்காரர் காவல் காக்கிறார் போலிருக்கிறது. என் வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவளிடம், இலைக்குள்ளேயே ஒரு பூஞ்சை குடியிருக்கிறது, வாடகைக்குப் பதிலாக மரத்துக்கு வருகிற கிருமிகளை விரட்ட ஏதோ சுரக்கிறது, என் அக்கா அதை எடுத்து மருந்தாகுமா என்று பார்க்கிறாள் என்று பெருமையாகச் சொன்னேன். அவள், "சீ, ரொட்டில பூக்குமே அதுவா?" என்றாள். இனிமேல் அவளிடம் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இப்போது இலை விஷயம். அம்மாவின் போனுக்கு நீ எனக்காக அனுப்பிய செய்தியை அவள் சமையலறையிலிருந்தே சத்தமாகப் படித்தாள். "எலி, இலை வந்துச்சு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா, புண்ணுக்குக் கட்டற காஸ் துணியில சுத்தி அனுப்பியிருக்கே, அழகா இருந்துச்சு. ஆனா எல்லாத்துலயும் நம்ம கடை வாசனை. எதுக்குடி புண்ணு கழுவற லோஷன்ல ஊறப் போட்டே? மேல இருக்கிற அழுக்கு போக நாங்களே இங்க ஒரு நிமிஷம் முக்கி எடுப்போம். நீ ஊற வெச்சதுல உள்ள இருந்த குடித்தனக்காரரும் காலி. லேப் தட்டுல ஒண்ணுமே முளைக்கல." அதற்குக் கீழே, பேராசிரியர் இன்னும் ஒரு தடவைதான் பார்க்கலாம் என்றதையும், அதுவும் தவறினால் இந்தப் பூஞ்சையை விட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கச் சொன்னதையும், அதுவரை உனக்கு லீவு கிடையாது என்பதையும் படித்தாள். கேட்டபோது எனக்கு அழுகை வந்தது.

ஆனால் அக்கா, நான் லோஷனைத் தொடவே இல்லை. சத்தியமாக. நீ சொன்னபடி காம்போடு பறித்து, ஈரம் துடைத்து, செய்தித்தாளில் மடித்துப் பொட்டலம் கட்டி, காலையில் கூரியர்காரர் எடுத்துக்கொள்வார் என்று கடை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். காஸ் துணி கடை அலமாரியில் பூட்டி இருக்கிறது, எனக்கு எப்படிக் கிடைக்கும்? கிடைத்தாலும் என் மடிப்பின் லட்சணம் உனக்குத் தெரியாதா? என் பாடப் புத்தக அட்டையை மூன்று தடவை நீதானே பிரித்து மறுபடி போட்டாய்.

யார் செய்திருப்பார்கள் என்று இரண்டு நாளாக யோசித்தேன். இரவில் கடையைச் சாத்துவது அப்பா மட்டும்தான். நீ அங்கே பண்ணுகிற எதற்கும் இந்த வீட்டில் யாரும் ஒத்தாசை செய்யக் கூடாது என்று சொன்னவரும் அவர்தான். அதனால் வேண்டுமென்றே கெடுத்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம். பேசாமல் சாப்பிட்டேன். அவர் கவனிக்கக்கூட இல்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

அப்பாவின் காலில் புண். புதுச் செருப்பு கடித்துச் சின்னதாகத்தான் ஆரம்பித்தது. அவருக்குத்தான் சர்க்கரை இருக்கிறதே, ஆறவில்லை. கடையிலிருந்து தானே ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கேட்கவில்லை. அதைவிடப் பெரிய மாத்திரை. அதுவும் கேட்கவில்லை. சுண்டுவிரல் கறுத்த பிறகுதான் அம்மா சண்டை போட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். பள்ளி விட்டதும் நானும் போனேன்.

சீழை எடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்களாம், உன் வேலை மாதிரியே. மருந்து வைத்த இடத்தைச் சுற்றிக் கிருமி அண்டாமல் வளையம் விழ வேண்டும், ஊசியாகப் போடுகிற ஒன்றைத் தவிர வேறு எதற்கும் விழவில்லை என்று டாக்டர் சொன்னார். அம்மாவுக்குப் புரியவில்லை. "வளையமா? எந்த வளையம்?" என்று கேட்டாள். டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அப்பா பதில் சொன்னார். "கிருமிக்கு மருந்தெல்லாம் பழகிப் போச்சுங்கறார். நம்ம பெரியவ சாப்பாட்டுத் தட்டுல தயிரை வெச்சு வரைஞ்சு காட்டினாளே, அந்த வளையம்."

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ கிளம்புவதற்கு முந்தின நாள் அது. டாக்டர் சீட்டு இல்லாமல் வருகிறவர்களுக்கெல்லாம் இரண்டு மாத்திரை, மூன்று மாத்திரை என்று கத்தரித்துக் கொடுத்தே கிருமிகளைப் பழக்கிவிட்டீர்கள் என்று நீ சொன்னாய். அந்தக் கடைச் சோற்றைத் தின்று வளர்ந்தவள்தானே நீ என்று அவர் சொன்னார். அதோடு இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டீர்கள். நடுவில் மாட்டிக்கொண்டது நானும் அம்மாவும். அம்மா சொல்வாள், "ரெண்டும் ஒரே அச்சு. ஒண்ணு இங்க உம்முனு இருக்கு, ஒண்ணு அங்க உம்முனு இருக்கு."

வியாழக்கிழமை காலை அந்த விரலை எடுக்கப் போகிறார்கள், அக்கா. அதற்குப் பிறகும் புண் ஏறினால் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இதை உனக்கு எழுதக் கூடாது என்று அப்பா எங்கள் இருவரிடமும் கண்டிப்பாகச் சொன்னார். "அவகிட்ட மூச்சு விடக் கூடாது. தெரிஞ்சா, 'நான் அப்பவே சொன்னேன்ல'னு சொல்லுவா. விரல் போனாப் போகட்டும், அதைக் கேக்க என்னால முடியாது."

நீ அதை மட்டும் சொல்லிவிடாதே. நீ சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நேற்று அப்பா காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கடைத் தையல்காரர் வந்து, காய்ச்சலுக்கு வழக்கமாகத் தருகிற அந்தச் சிவப்பு மாத்திரையில் இரண்டு கேட்டார். அப்பா டாக்டர் சீட்டைக் கேட்டார். தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, பெரிய பொண்ணு வந்து கடையை எடுத்துக்கிச்சா?" என்றார். அப்பா அலமாரியைப் பூட்டிக்கொண்டே, "அவ எங்க வர்றா. அவ பேச்சு மட்டும் இங்கயே உக்காந்திருக்கு" என்றார். நான் பின்பக்கம் குழாயடியில் இருந்தேன். நான் கேட்டது அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு அந்தக் காஸ் துணி உறைத்தது. பகைக்கு லோஷனில் முக்குகிறவர் ஒவ்வொரு இலையாக எதற்குச் சுற்ற வேண்டும்? மகள் தொடப் போகிற பொருள், சுத்தமாகப் போகட்டும் என்று நினைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்த சுத்தம் அதுதான். உள்ளே ஒருவர் குடியிருக்கிறார் என்று அவரிடம் யார் சொன்னார்கள்? அன்றைக்கு அம்மா உன் செய்தியைப் படித்தபோது அவர் கூடத்தில்தான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வெகுநேரம் பக்கமே திருப்பவில்லை. அந்தத் துணியை நீ இன்னும் எறியவில்லை என்றால், ஓரத்து மடிப்பைப் பார். உதிரி மாத்திரைப் பொட்டலம் யார் மடிப்பார்கள், எப்படி மடிப்பார்கள் என்று உனக்கே தெரியும்.

உன் பூஞ்சையால் அப்பாவின் கால் ஆறுமா என்று கேட்கலாம் என்று நினைத்தேன். தட்டிலிருந்து மாத்திரையாக வருவதற்குள் எனக்கு நரைத்துவிடும் என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. கேட்கவில்லை. ஆனால் நீ போன மாதம் எழுதிய வேறொன்றை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றி மாற்றித் தனியாக வளர்த்ததில், சாப்பாட்டுக்குக் குறையில்லாமல் இருந்தும், உன் பூஞ்சை அந்தப் பொருளைச் சுரப்பதையே நிறுத்திவிட்டது, வளையம் விழுவதில்லை என்றாய். மறுபடி இந்த மரத்துப் புது இலையிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்றாய்.

அதனால் எனக்கு ஒரு யோசனை. இன்று சாயங்காலம் உனக்காக ஒரு சின்னக் கிளையை ஒடித்து, வாளியில் தண்ணீர் விட்டு என் மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். நாளை பள்ளிக்குப் போகிற வழியில் இந்தக் கடிதத்தோடு நானே கூரியரில் போடுகிறேன். கடை மேசைக்கே கொண்டுபோக மாட்டேன். செவ்வாய்க்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். ஆனால் வழியில் வாடினால்? நசுங்கினால்? உனக்கு இன்னும் ஒரு தடவைதானே இருக்கிறது. நீயே வந்து பறித்துக்கொண்டால் என்ன? பேராசிரியரிடம் இலைக்காகப் போகிறேன் என்று சொல். பொய் இல்லையே. அப்பாவிடமும் இலைக்காக வந்தேன் என்றே சொல். அவருக்காக வந்ததாகச் சொன்னால் அவர் முறைப்பார், நீ பதிலுக்கு முறைப்பாய், பிறகு அம்மா அழுவாள். இலைக்கு என்றால் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. வியாழன் காலைக்குள் வந்தால் போதும். அவர் உள்ளே போகும்போது நீ வாசலில் நின்றால் போதும், ஒன்றும் பேச வேண்டாம்.

மாடிப்படியில் சத்தம் கேட்கிறது. ஒரு காலில் மட்டும் செருப்பு, இன்னொரு கால் இழுபடுகிறது. அப்பா படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கதவைத் தட்டுகிறார்.

விளக்கை அணைக்கலாமா என்று பார்க்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே மெதுவாகக் கேட்கிறார், "குட்டி, முழிச்சுட்டுத்தானே இருக்கே? அந்தக் கிளையை இந்த வாட்டி எதுல சுத்தி அனுப்பணும்னு உங்க அக்காகிட்ட கேட்டியா?"

அக்கா, நீ கிளம்பி வா. நான் கதவைத் திறக்கப் போகிறேன்.