வியர்க்காத கொட்டகை

அன்பு மகன் யுவனேஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகத்தோடு இருக்கிறோம், மீரியில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் வேலை இருக்கிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். இது முழுதாகக் கேட்க வேண்டிய சமாச்சாரம், ஆகையால் உட்கார்ந்து படி.

வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகை விஷயம்தான். போன மழைக்கு அங்கே தையல் மெஷினோடு வைத்திருந்த மலரின் கல்யாண ரவிக்கையில் பூஞ்சணம் பிடித்து, அவள் அம்மா இராசம்மா நம் தோட்டத்து லைன் வீட்டு ஆட்கள் பார்க்க அதை விரித்துக் காட்டினாள் அல்லவா, அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த மழைக்கும் துணி கெட்டால் "போதும்லா, மெஷின வித்துரு" என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் மெஷின் போட இடம் ஏது, விற்றால் என் தையல் அதோடு சரி. ஈரம் இறங்காமல் சுவரில் அடிக்க நீ வாங்கச் சொன்ன வெள்ளித் தாளைக் கம்போங் ராஜா டவுன் கடையில் விசாரித்தேன். விலையைக் கேட்டதும் வேறு எதற்கோ வந்தவள் போல ஆணிப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அங்கிருந்து நேரே கோலா தெர்லாவுக்கு, உன்னோடு படித்த லிங்கேஸ்வரனின் பூத்தோட்டத்துக்குப் போனேன். பூச்செடிக் கூரைக்குப் புது பிளாஸ்டிக் மாற்றிக்கொண்டிருந்தான். பழையதைக் கேட்டேன், "எடுத்துக்கிட்டுப் போங்க ஆண்ட்டி, குப்பைக்குத்தான் போவுது" என்று லோரியில் ஏற்றிவிட்டான். அதை இரண்டு அடுக்காக மடித்துப் பலகைச் சுவரிலும் கூரைத் தகரத்துக்கு அடியிலும் அடித்தோம். ஒவ்வோர் ஆணித் தலைக்கு அடியிலும் பிய்ந்த ரப்பர் சிலிப்பரை வட்டமாக நறுக்கிக் கொடுத்தேன், ஆணி ஓட்டையில் ஒரு சொட்டு இறங்காது.

ஆனால் அவசரத்தில் ஒரு மடத்தனம் செய்தேன். எறும்பு நுழைய வழியில்லாமல் நாலு பக்கமும் இறுக்கி மூடிவிட்டேன். மறுநாள் காலையில் மெஷின் மேல் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். அப்பா ஏணி போட்டு ஏறி இரண்டு நாள் ஓட்டை தேடினார், இல்லாத ஓட்டைக்கெல்லாம் பசை அப்பினார். மூன்றாம் நாள் மழையே இல்லை, அப்போதும் சொட்டியது. உள்ளே போய்த் தடவிப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் உட்பக்கம் முழுக்க வியர்வை. தேயிலை பேக்டரியில் இருபத்திரண்டு வருடம் கொழுந்து வாட்டியவள் நான், அடியிலிருந்து காற்று ஏறாவிட்டால் இலை புழுங்கிப்போகும் என்று புதிதாக வந்த பிள்ளைகளை விரட்டியவள், என் கொட்டகையை நானே புழுங்க விட்டிருக்கிறேன். உடனே கத்தரிக்கோலை எடுத்து, ஒரு சுவரில் தரையோரம் ஒரு சாண், எதிர்ச்சுவரில் கூரையோரம் ஒரு சாண் வெட்டினேன், பலகையை அறுக்க அப்பாவை விரட்டினேன். திறந்த இடத்தில் கொசுவலை அடித்து, சாரல் வராமல் மிச்சப் பிளாஸ்டிக்கை மேலே நீட்டிவிட்டேன். "மழைக்கு மூடுவாங்களா, தொறப்பாங்களா" என்று அப்பா லைன் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

அப்புறம் பதினோரு நாள் விடாத மழை, பெர்த்தாம் பக்கம் ரோடெல்லாம் சேறு. பன்னிரண்டாம் நாள் கொட்டகைக்குள் வைத்திருந்த துணியை எடுத்துப் பார்த்தேன், மொடமொடவென்று இருந்தது, ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் மகனே. அடக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. இப்போது அப்பா ஆட்களைக் கூட்டிவந்து "நாங்கதான் அடிச்சோம்" என்று காட்டுகிறார், காட்டட்டும். நேற்று இராசம்மாவே வந்தாள். கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு சின்ன மகள் மோகனாவின் கல்யாணப் பட்டுத் துணியை என் கையில் கொடுத்தாள். தைத்ததும் ஆள் அனுப்புகிறேன் என்றேன். "அவசரம் இல்ல பவளம், மழ முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், எங்க வீட்டு அலமாரி ஈரமா கெடக்கு" என்றாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

உனக்கு இரண்டு சட்டை தைத்து இதோடு அனுப்புகிறேன், தோள் பிடித்தால் சொல். உன் அறை ஜன்னலையும் நாளெல்லாம் மூடி வைக்காதே. மாரியம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாள், நூறு வருடம் நன்றாக இரு.

இப்படிக்கு,
உன் அம்மா,
தையல்காரி பவளம்