எல்லை வேம்பின் வண்டு

நெடுங்கேணி,
02.12.2023

அன்புள்ள தம்பி கோகுலனுக்கு,

அக்கா சிவலட்சுமி எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். சுவிஸ் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க எங்கள் பிள்ளையாரைத்தான் கேட்கிறேன். போனில் சொன்னால் ஓமக்கா, பிறகு எடுக்கிறன் என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதி, மகள் லக்சிகாவைக் கொண்டு படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுதும் வாசி.

உன் காணியில் நீ இரக்கப்பட்டுக் குடியிருத்திய சிற்றம்பலத்தைப் பற்றித்தான். என் கச்சான் கடலைச் செடிகள் பட்டுப்போகின்றன. எல்லாம் அல்ல, இரண்டு காணிக்கும் நடுவில் நிற்கிற எல்லை வேம்பைச் சுற்றித்தான். காலையில் பச்சையாய் நின்ற செடி மத்தியானம் துவளுகிறது. இழுத்தால் கையோடு வருகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த ஆளின் கச்சான் கரும்பச்சையாய் நிற்கிறது. ஒரே மண், ஒரே மழை. நீயே யோசித்துப் பார்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த அன்று விளக்கு வைக்கிற மம்மல் பொழுதில் என் கண்ணால் கண்டேன். லாம்பும் வாளியுமாய் வேம்பின் கீழ் நின்று, தடியால் கொப்புகளை உலுப்பினார். விழுந்ததைப் பொறுக்கி வாளிக்குள் போட்டார். வாளியிலிருந்து மண்ணெண்ணெய் மணத்தது. பிறகு வேலியோரம் கிடங்கு வெட்டி, எல்லாவற்றையும் கொட்டி மூடினார். என்னைக் கண்டதும், வண்டு எறங்குதுங்க அக்கா, ஒங்க பக்கத்துக் கொப்பையும் உலுப்பவா என்று கேட்டார். வண்டைப் பிடித்து யாராவது புதைப்பார்களா? என் வளவுக்குள் கால் வைக்க வழி பார்க்கிறார் என்று, வேண்டாம் என்றுவிட்டேன்.

புதைத்தது செய்வினை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிண்டிப் பார்க்கப் பயம். கோயிலில் கற்பூரம் கொளுத்தி, ஊருக்கு முன்னால் சத்தியம் கேட்டேன். தான் ஒன்றும் செய்யவில்லை என்று உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டுப் போனார். பொய்ச் சத்தியத்துக்கும் கற்பூரம் அணையும், தம்பி. என் கச்சான் அழிந்தால் நான் காணியைக் கைவிடுவேன் என்று கணக்குப் போடுகிறார்.

உடனே போன் எடுத்துக் காணியை விட்டு எழும்பச் சொல். கூடப் பிறந்தவள் வேண்டுமா, குடியிருக்க வந்தவர் வேண்டுமா, நீயே முடிவெடு.

அன்புடன்,
அக்கா சிவலட்சுமி


நெடுங்கேணி,
23.12.2023

அன்புள்ள தம்பி,

போன கடிதத்தில் சொன்னபடி இவ்வளவு வேகமாய் அவரை எழும்பச் சொல்வாய் என்று நினைக்கவில்லை. மற்ற எதற்கும் மூன்று மாதம் எடுப்பாயே.

நேற்று விவசாயப் போதனாசிரியர் தனுஷா வந்தா. லக்சிகா எனக்குச் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறாள். பட்டுப்போன செடியின் அடியை மண்வெட்டியால் கிளப்பினால், பெருவிரல் தடிப்பில் வெள்ளைப்புழு சுருண்டு கிடக்கிறது. ஒரு செடிக்கு மூன்று. முதல் மழைக்கு மண்ணுக்குள்ளிருந்து வண்டு கிளம்புமாம். மம்மலில் வேப்பிலை தின்று, சோடி சேர்ந்து, திரும்ப மண்ணுக்குள் போய் முட்டையிடுமாம். பொரித்த புழு மாதக்கணக்கில் வேரைத் தின்றுவிட்டு, மண்ணிலேயே கூடு கட்டி, வண்டாகி, அடுத்த வருசத்து முதல் மழை வரை சத்தமில்லாமல் உள்ளேயே இருக்குமாம். உக்காத மாட்டெரு என்றால் அதற்குக் கொண்டாட்டமாம். இந்த எருவைக் கொட்டியது யார் என்று கேட்டா. நான்தான். முதல் மழையன்றே மரத்தை உலுப்பி வண்டை அழித்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திராது என்றும் சொன்னா.

சிற்றம்பலத்தார் சொல்லிக்கொடுத்து அனுப்பிய பிள்ளையோ என்றுதான் முதலில் நினைத்தேன். அவ போன பிறகு நானே பத்துச் செடி கிண்டினேன். பத்திலும் புழு. அதற்குப் பிறகு பயத்தை விட்டு, வேலியோரக் கிடங்கையும் கிண்டினேன். தகடும் இல்லை, எலும்பும் இல்லை. செத்த வண்டுகளின் கோதுதான், அள்ள அள்ள வந்தது.

எனக்கு வெட்கமாயிருக்கிறது, தம்பி. எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து கைக்குழந்தையாய் இந்தப் பக்கம் தூக்கி வரப்பட்ட மனுசன். பிறகு சண்டைக் காலத்தில் எங்களோடும் எத்தனை இடம் ஓடினார். இந்த முறை அவரைக் கிளப்பினது நான்.

உன் போன் வந்த நாளிலிருந்து வெளிக்கிட ஆயத்தம் செய்கிறார். முற்றாத கச்சானையே பிடுங்கி மாட்டுக்குப் போடுகிறார். அவர் மனைவி தங்கம்மா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறா. இரண்டு தரம் அவர்களின் வாசல் படலை வரை போய்த் திரும்பி வந்தேன். நான் போய் நின்றால், இப்போது எதை வேவு பார்க்க வந்திருக்கிறாளோ என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது வேண்டியதுதான்.

காணி உன்னுடையது, நீ சொன்னால்தான் நிற்பார். பிழை விட்டது அக்கா என்று என் பெயரைச் சொல்லியே சொல், மழுப்பாதே. மன்னிப்பை நான் நேரே போய்க் கேட்பேன். கேட்பதற்கு அந்த மனுசன் இங்கே இருக்க வேண்டுமே.

உன் பிள்ளைகள் நூறு வயது வாழவேண்டும். இதை எழுதும்போதே சிற்றம்பலத்தாரின் கூரைத் தகரம் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. வாசித்த கையோடு அவருக்குப் போன் எடு, ராசா.

அக்கா