அறை எண் கேட்ட அம்மா

என் பட்டாசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தம்பி மூவரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என நீ அனுப்புகிற ‘பத்திரம்’ என்ற ஒற்றை வார்த்தையை வைத்துத் தெரிந்துகொள்கிறேன். அதற்கு மேல் ஒரு எழுத்துகூட வரவில்லை, இன்றோடு ஐந்து நாள். கோபம் இருக்கட்டும், நியாயமான கோபம்தான், நான் மறுக்கவில்லை. போனில் பேசினால் நீ ‘சரிம்மா சரிம்மா’ என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்று எங்கேயோ போய்விடுவேன். அதனால்தான் தம்பியின் பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தேன். முடித்ததும் அவன் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவான். படிக்காமல் அனுப்புகிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறான், படிப்பான், எனக்குத் தெரியாதா.

முதலில் வீட்டுச் சேதி. தம்பிக்கு மூன்றாவது தடவையில் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் யாரும் கடைக்கு நடந்து போக முடியவில்லை, உப்பு வாங்கக்கூடக் காரில் ஏறச் சொல்கிறான். அப்பாவுக்கு டிப்போவில் புதிதாகப் பத்து பஸ் வந்திருக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டர் வைத்தது. கதவு ஏன் திறக்கவில்லை என்று பஸ்ஸே சொல்லிவிடுகிறதாம். என்னை விட அந்த பஸ் அவரிடம் அதிகம் பேசுகிறது என்று நினைக்கிறேன், மனுஷன் சந்தோஷமாக வீட்டுக்கு வருகிறார். என் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை வந்திருந்தாள். வந்து செருப்பைக் கழற்றும் முன்பே, “கல்யாணம் ஆகாத பொண்ண ஒண்டியா அத்தனை தூரம் அனுப்பிட்டு உனக்கு எப்படித்தான் தூக்கம் வருதோ” என்று ஆரம்பித்துவிட்டாள். நான் விடுவேனா. என் பெண் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை, மூன்று ஊரில் மூன்று ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் மாட்டிக் கொடுக்கப் போயிருக்கிறாள், அங்கே நாலு ஆம்பளைங்க ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு இவள் வாயைப் பார்த்து நிற்கிறார்கள், இவள் தலையாட்டினால்தான் ஒரு திருகாணி திரும்பும் என்றேன். அத்தை காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதை அவளிடம் போய்ச் சொல்வேனா என்ன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீ “இது பேரு அக்கறை இல்லம்மா, வேவு பாக்கறது, அடுத்த ஊர்ல எங்க தங்கப்போறேன்னு உனக்குச் சொல்லவே மாட்டேன்” என்று கத்திவிட்டு வைத்தாயே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். என்ன செய்தேன் என்பதை அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டு பாதிதான் சொன்னேன், இப்போது முழுசாகக் கேள். எங்கள் ஹோட்டலில் விருந்தாளிகள் துவைக்கப் போடுகிற துணிப் பையில் ஒரு சீட்டு கட்டியிருக்கும், பேரும் அறை எண்ணும் அதில்தான் எழுதியிருக்கும். ஈரத்தில் அது அடிக்கடி கிழிந்துபோகும். உடனே சலவைப் பிரிவிலிருந்து ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, “சீட்டு கிழிஞ்சு போச்சு, இந்தப் பேருக்கு எந்த ரூம்” என்று கேட்போம். அவர்களும் தலை நிமிராமல் சொல்லிவிடுவார்கள். ஹவுஸ்கீப்பிங்கில் இருபத்தாறு வருஷம், ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இப்படிக் கேட்டிருப்பேன். நீ போய் மூன்றாம் நாள், டீ குடிக்கிற நேரத்தில் மனசு கேட்காமல், நீ சொல்லியிருந்த உன் ஹோட்டலுக்குப் போன் போட்டேன். உன் மாடியைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்கீப்பிங் அம்மாவைப் பிடித்து, என் பெண் இருக்கிறாள், ஒரு கண் வைத்துக்கொள் என்று சொல்லலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக அவ்வளவுதான். ஆனால் அம்மா பேசுகிறேன் என்றால் லேசில் சொல்ல மாட்டார்களே என்று, வாய்ப் பழக்கத்தில் சலவைப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, சீட்டு கிழிந்த கதையை எனக்குத் தெரிந்த ஹோட்டல் இங்கிலீஷில் அப்படியே எடுத்துவிட்டேன். ரிசப்ஷனில் இருந்த பெண் உன் அறை எண்ணைச் சொன்னாள். சொன்னதோடு விட்டாளா, அவங்க எட்டு மணிக்குப் போனா ஆறு மணிக்குத்தான் வருவாங்க, தனியாத்தான் தங்கியிருக்காங்க, துணியை உள்ளேயே வச்சிடலாம் என்று உபகாரமாக வேறு சொன்னாள்.

முதலில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா, பெருமை. அம்மா யாரு, உலகத்தில் எந்த ஹோட்டலிலும் நம் பேச்சு செல்லும் என்று. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். எனக்கு ஒரு நிமிஷத்தில் கிடைத்தது எவனுக்கும் ஒரு நிமிஷத்தில் கிடைக்குமே என்று உறைத்தது. அதனால்தான் நீ மெஷினுக்கு அடியில் படுத்திருக்கும்போது நாலு தடவை போன் அடித்தேன், அந்த டாக்டர்கள் முன்னால் உன் மானத்தை வாங்கினேன். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அம்மா கேட்கிறாளே என்று கூச்சப்படாதே, வாங்கிக்கொள்.

இதோடு நிறுத்தினால் பாதிப் பொய் சொன்ன மாதிரி. இன்னொன்று இருக்கிறது, அதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடமே நேற்றுத்தான் சொன்னேன். நீ காலேஜில் சேர்ந்த வருஷம். எங்கள் ஹோட்டலில் நாலாவது மாடியில் ஒரு பெண் வந்து தங்கினாள், உன் இப்போதைய வயசுதான் இருக்கும், கையில் ஒரு சின்னப் பெட்டி, பார்த்தால் டீச்சர் மாதிரி இருப்பாள். படுக்கையை அவளே மடித்து வைத்துவிடுவாள், எங்களுக்கு வேலை வைக்க மாட்டாள். ஒரு நாள் காலையில் நான் துணி அறையில் துண்டு எண்ணிக்கொண்டிருந்தபோது வெளியிலிருந்து வந்த ஒரு போனை ரிசப்ஷனில் எங்களுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு ஆள், ரொம்ப மரியாதையான குரல், அவள் பேரைச் சொல்லி, அவ மாத்திரைய மறந்துட்டு வந்துட்டா, கொண்டு வந்திருக்கேன், நான் அவ புருஷன், எந்த ரூம்னு சொல்லுங்கம்மா என்றான். நான் சொன்னேன். யோசிக்கவே இல்லை, சீட்டு கிழிந்துபோனால் சொல்வது போலச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் அந்தக் கதவை அவன் உதைத்த சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. நல்ல வேளை, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாள், காவலாளிகள் இரண்டு பேர் ஓடி வந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவளை நாங்கள் வேலைக்காரர்கள் போகிற பின்படி வழியாக இறக்கிக் கூட்டிப்போனோம், பெட்டியை நான்தான் தூக்கினேன். கீழே டாக்சியில் ஏறும் முன் அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி ஒருத்தர் இருந்ததால தப்பிச்சேங்க” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லையடி. சொல்லியிருக்க வேண்டும், நான்தான் சொன்னேன் என்று, வரவில்லை. நேற்று இதைக் கேட்டுவிட்டு அப்பா, “அந்தம்மா எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்” என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவு தெரிந்தவள் எப்படி உன் விஷயத்தில் போன் போட்டேன் என்று கேட்பாய், நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். நான் அம்மா, எனக்குக் கேட்க உரிமை இருக்கிறது, அது வேறு இது வேறு என்றுதான் நினைத்தேன். அவனும் அப்படித்தானே நினைத்திருப்பான், நான் புருஷன்தானே என்று.

ஆனால் நீ செய்தாயே ஒரு காரியம், அதைச் சொல்லாமல் விட்டால் என் வாய் அழுகிவிடும். என் மேல் இருந்த கோபத்தை என் மேலேயே வைத்துக்கொண்டு, சாயங்காலம் நேராக ரிசப்ஷனுக்குப் போய், மேனேஜரைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அறையை மாற்றச் சொல்லி, இனிமேல் யார் என் பேரைச் சொல்லிக் கேட்டாலும், உங்கள் ஆளே கேட்டாலும், நான் கொடுக்கிற இந்த ரகசியச் சொல்லைச் சொன்னால் ஒழிய வாயைத் திறக்கக் கூடாது என்று எழுதி வாங்கினாயாமே. தம்பிதான் சொன்னான், அவனிடம் மட்டும் பேசுகிறாய், பேசு. இருபத்தாறு வருஷத்தில் எனக்கு இது தோன்றவில்லையே. மறுநாளே எங்கள் ஹோட்டலுக்கு எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு அங்கேயே போன் போட்டேன், குரலைக் கொஞ்சம் மாற்றி, அதே சீட்டு கிழிந்த கதை. நம்ம கண்ணாடிக்காரர் இருக்கிறாரே, ரிசப்ஷனில், இருபது வருஷ சர்வீஸ், அரை நிமிஷத்தில் ஒரு பெண்ணின் அறை எண்ணை ஒப்பித்துவிட்டார். நான் போனைக் காதில் வைத்தபடியே உள்ளே போய் அவர் முன்னால் நின்றேன். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, விளக்கெண்ணெய் குடித்த மாதிரி. மேனேஜர் வந்தார், கொஞ்சம் முறைத்தார், அப்புறம் ஒத்துக்கொண்டார். இப்போது எங்கள் ஹோட்டலில் சீட்டு கிழிந்தால் கிழிந்ததுதான், ஆள் கீழே வந்து தன் பேரைச் சொல்லித் துணியை வாங்கிக்கொள்ளட்டும் என்று உத்தரவு. சலவைப் பிரிவில் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள், திட்டட்டும்.

வியாழக்கிழமை நீ அடுத்த ஊருக்குப் போகிறாய். உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, ஆனாலும் அறைகளை உள்ளேயிருந்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன், பிடித்ததை எடுத்துக்கொள். சாவி கொடுக்கும்போது எண்ணை உரக்கச் சொன்னால் அந்த அறை வேண்டாம், வேறு கேள், தாளில் எழுதிக் காட்டச் சொல். தரைத் தளமும் வேண்டாம், வராந்தாக் கோடியும் வேண்டாம், துணி அறைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, எங்கள் ஆட்கள் போய் வந்துகொண்டே இருப்போம், சக்கர வண்டிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள். உள்ளே போனதும் பெட்டியை வாசலில் முட்டுக் கொடுத்துக் கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு குளியலறை, அலமாரி, திரை எல்லாம் ஒரு தரம் பார்த்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்து. அறையைச் சுத்தம் செய்யவும் என்கிற அட்டையை மட்டும் வெளியில் மாட்டாதே, உள்ளே ஆள் இல்லை என்று தண்டோரா போடுகிற வேலை அது, துண்டு வேண்டுமானால் போனில் கேள். குழாய் பார்க்க வந்தேன், பல்பு மாற்ற வந்தேன் என்று எவனாவது தட்டினால் திறக்காமல் கீழே கேட்டுவிட்டுத் திற, காத்திருக்கட்டும், நாங்கள் எல்லாம் காத்திருந்து பழகியவர்கள்தான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். அந்த மாடியில் வேலை செய்கிற அம்மாவிடம் முதல் நாளே சிரித்து இரண்டு வார்த்தை பேசிவிடு. யார் யார் வராந்தாவில் சும்மா நிற்கிறார்கள் என்று மேனேஜருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை, ஊரைப் பார், காலை நேரத்தில் நட, யாரும் கூட வரவில்லையே என்று நல்ல சாப்பாட்டுக் கடையை விட்டுவிடாதே, ஒரு ஆளுக்கு மேஜை கேட்பதில் கூச்சமே வேண்டாம். நீ தனியாகப் போனதில் எனக்குப் பெருமைதான், தூக்கம் வராவிட்டாலும் பெருமைதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியம் ஜெயித்து, எல்லா மெஷினும் ஓடி, நீ நல்லபடியாக வீடு வந்து சேர வேண்டும், நூறு வயசு நன்றாக இரு. கடைசியாக ஒன்று. எங்கே தங்கப்போகிறேன் என்று உனக்குச் சொல்ல மாட்டேன் என்றாய் அல்லவா, நன்றாக யோசித்துப் பார்த்தேன், நீ சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன், திரும்ப ஒரு டீ நேரத்தில் கை அரிக்கும், எதையாவது சொல்லிக் கேட்டுவிடுவேன். ஆனால் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அதனால் அப்பாவிடம் சொல். முப்பத்துநாலு வருஷமாக என்னால் அந்த வாயைத் திறக்க வைக்க முடியவில்லை, வேறு எவனால் முடியும். அவரிடமே கேட்டேன், “உன்கிட்டயும் சொல்ல மாட்டேன், பரவாயில்லையா” என்றார், அதற்குத்தானே உங்களிடம் சொல்லச் சொல்கிறேன் என்றேன். நீயும் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லி வை, நான் அழுது கேட்டாலும் சொல்லக் கூடாது என்று.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்